லெம்பா பெர்த்தாம்: கேமரன் மலையின் நீர் வந்து சேரும் பள்ளத்தாக்கு

கேமரன் மலைக்கு வருகிற சுற்றுப்பயணிகள் பெரும்பாலும் பார்ப்பது தானா ராத்தா, பிரிஞ்சாங், தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி, காய்கறிச் சந்தை. ரிங்லெட் பட்டணத்திலிருந்து பிரிந்து கீழே இறங்கும் பாதையில் இருக்கும் லெம்பா பெர்த்தாம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆனால் மலையின் உச்சியில் நடக்கும் எதுவும் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் வந்து சேர்கிறது. மழை, மண், அணை நீர் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. அதனால் கேமரன் மலையின் புவியியலையும் வரலாற்றையும் லெம்பா பெர்த்தாமிலிருந்து பார்ப்பது பொருத்தமானது.

பெயரும் இடமும்

'லெம்பா' என்றால் மலாய் மொழியில் பள்ளத்தாக்கு. 'பெர்த்தாம்' என்பது காட்டில் வளரும் ஒரு வகைப் பனை. அதன் ஓலையைக் கொண்டு கூரை வேய்வது கம்பத்து வழக்கம். பள்ளத்தாக்கின் ஊடே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர்தான்: சுங்கை பெர்த்தாம்.

கேமரன் மலை பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், தித்திவங்சா மலைத்தொடரில் அமைந்துள்ள மாவட்டம். பரப்பளவு 712 சதுர கிலோமீட்டர். வடக்கே கிளந்தான், மேற்கே பேராக். மாவட்டத்தின் மக்கள்தொகை 40,000க்கு உட்பட்டதே. பூர்வக்குடியினர், மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகியோர் கலந்து வாழ்கின்றனர். ரிங்லெட், தானா ராத்தா, உலு தெலோம் என்று மூன்று முக்கிம்கள் உள்ளன.

தாப்பாவிலிருந்து ஏறி வருபவர்கள் முதலில் காண்பது ரிங்லெட். அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேல் ஹாபு, பிறகு 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா, அதற்கும் மேலே 1,540 மீட்டரில் பிரிஞ்சாங். வடக்கே போனால் திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா. 'தானா ராத்தா' என்றால் சமதரை. மேடும் பள்ளமுமான மலையில் கொஞ்சம் சமமாக இருந்த இடத்துக்கு அப்படிப் பெயர் வந்தது.

பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே தார்ச்சாலையிலேயே போய்விடலாம். பக்கத்தில் உள்ள ஈராவ் மலை 2,110 மீட்டர். இந்த உயரங்களில் எப்போதும் மேகம் தங்குவதால் மரங்கள் குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் வளர்கின்றன; அடிமுதல் நுனிவரை பாசி மூடியிருக்கிறது. இந்தப் பாசிக்காடு வெறும் காட்சிப்பொருள் அல்ல. மேகத்திலிருந்து ஈரத்தைப் பிடித்து, சிறுகச் சிறுகக் கீழே விடும் நீர்த்தொட்டியாக அது இருக்கிறது.

குளிரும் மழையும்

உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். பொதுவாக 1,000 மீட்டருக்கு ஆறு முதல் ஏழு டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அதனால்தான் கோலாலம்பூரில் 27, 28 டிகிரியாக இருக்கும் சராசரி, தானா ராத்தாவில் 18 டிகிரி அளவில் நிற்கிறது. நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் இங்குதான் பதிவானது: 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி.

ஆண்டு மழை ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர். ஆண்டு முழுவதும் தூறல் உண்டு என்றாலும், கனமழை இரண்டு காலங்களில் கூடுகிறது. ஒன்று ஏப்ரல், மே; இன்னொன்று அக்டோபர், நவம்பர். இந்த இரண்டாவது காலத்தை லெம்பா பெர்த்தாம் மக்கள் மறப்பதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

முதலில் இருந்தவர்கள்

கேமரன் மலையின் வரலாறு ஆங்கிலேயர் பெயரோடு தொடங்குவதாக எழுதுவது வழக்கம். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் செமாய், தெமியார் பூர்வக்குடியினர். காட்டைச் சிறு பகுதியாக அழித்துப் பயிரிட்டு, சில ஆண்டுகளில் அந்த நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் போவது அவர்கள் வேளாண்மை. ஊதுகுழல் அம்பால் வேட்டையாடுவார்கள். அவர்களுடைய மொழி மலாயோடு சேர்ந்தது அல்ல. கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன் ஆகிய மொழிகளுக்குத் தூரத்து உறவு.

2019 ஜனவரியில் நடந்த கேமரன் மலை இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வெற்றி பெற்றார். நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வக்குடியினர் அவர். அதற்கு முன் 2004 முதல் அந்தத் தொகுதியை ம.இ.கா.வின் எஸ்.கே. தேவமணி, ஜி. பழனிவேல், சி. சிவராஜ் ஆகியோர் அடுத்தடுத்து வென்றிருந்தனர்.

கேமரன் வந்த வழி

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய அரசாங்க நில அளவையாளர், பேராக்குக்கும் பகாங்குக்கும் இடையிலான மலைப்பகுதியை ஆராயப் புறப்பட்டார். மலைகள் சூழ, மென்மையான சரிவுகளோடு கூடிய ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக அவர் அறிக்கை தந்தார். ஆனால் அது சரியாக எந்த இடம் என்று வரைபடத்தில் குறிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே அவர் சிங்கப்பூரில் இறந்துபோனார். அவர் பெயர் மட்டும் மலைக்கு நின்றது.

பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925இல் மலாய் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்தார். இலங்கையின் நுவரெலியா, பிலிப்பைன்சின் பாகியோ ஆகிய மலைநகரங்களோடு இதை ஒப்பிட்டு, இங்கும் ஒரு மலைநகரம் அமைக்கலாம் என்று முடிவு செய்தார். அந்த வகையில் பார்த்தால் கேமரன் மலை இளையது. ஊட்டி 1820களிலேயே வெள்ளைக்காரர்களின் கோடைவாசத் தலமாகத் தொடங்கிவிட்டது. இலங்கை மலைநாட்டில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். இங்கே அந்த வேலை அறுபது ஆண்டுகள் கழித்தே தொடங்கியது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போடும் பணி 1928இல் தொடங்கி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முடிந்தது. அறுபது கிலோமீட்டர் அளவுள்ள அந்தச் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. காடு வெட்டவும், கல் உடைக்கவும், மண் சுமக்கவும் மனிதக் கைகளே பெரும்பாலும் பயன்பட்டன.

இந்தச் சாலை மலைநாட்டின் போக்கையே தீர்மானித்தது. மாவட்டம் பகாங்குடையது, வழி பேராக்குடையது. மாநிலத் தலைநகரான குவாந்தானுக்குப் போக வேண்டுமானால்கூட முதலில் பேராக்கில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. பின்னாளில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகக் குவா மூசாங் செல்லும் சாலை வந்தது. ரிங்லெட்டிலிருந்து லிப்பிஸ் மாவட்டத்தின் சுங்கை கோயானுக்குச் சாலை திறந்த பிறகுதான், கேமரன் மலை மக்கள் சொந்த மாநிலத்துக்குள்ளேயே நேராகப் போக முடிந்தது.

தேயிலையும் தமிழரும்

1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்ற தொழிலதிபர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். மலாயாவின் முதல் மலைத் தேயிலைத் தோட்டம் அது. 'போ' என்ற பெயர், சீனாவின் புகழ்பெற்ற தேயிலை மலையான 'போஹி' என்பதன் சுருக்கம். 1933இல் வட இந்தியரான அகர்வால் குடும்பத்தினர் பாரத் தோட்டத்தைத் தொடங்கினர். ஹாபுவிலிருந்து தானா ராத்தா வரையிலான பெர்த்தாம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவுகளிலும், வடக்கே சுங்கை பாலாஸ், புளூ வேலி பகுதிகளிலும் தேயிலை பரவியது.

காலத்தைக் கவனிக்க வேண்டும். அது உலகப் பொருளாதார மந்தக் காலம். ரப்பர் விலை விழுந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கீழே ரப்பர் தோட்டங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேலே கேமரன் மலையில் காடு வெட்டித் தேயிலைக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வளர்ந்த தென்னிந்தியக் குடும்பங்களுக்கு இந்தக் குளிர் புதிது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. ஆக, கேமரன் மலைத் தமிழரின் முதல் தலைமுறை வந்து சேர்ந்தது ஒரு பத்தாண்டு இடைவெளிக்குள்தான்.

தோட்ட வாழ்க்கை மற்ற தோட்டங்களைப் போலவே அமைந்தது. துரை பங்களா மேலே, லயங்கள் கீழே. விடியலில் பெரட்டு, பிறகு கிராணியின் பேரேடு, கங்காணியின் அதட்டல். ஒரு மாரியம்மன் கோயிலோ முருகன் கோயிலோ இல்லாத தோட்டம் இல்லை. தானா ராத்தா, ரிங்லெட் பட்டணங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் எழுந்த தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இந்த வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன.

வேலை மட்டும் வேறு. ரப்பரில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்ட வேண்டும்; இங்கே சரிவில் நின்று கொழுந்து எடுக்க வேண்டும். 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்பது பழைய கணக்கு. கூடையை முதுகில் கட்டி விரலால் கிள்ளிய காலம் போய், கத்தரியும் பிறகு இருவர் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரமும் வந்துவிட்டன. எடுத்த இலையை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, அனலில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை இலை வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியைக் கவ்வாத்து செய்து இடுப்பளவுக்குக் குறைப்பார்கள். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும்.

இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி முடித்துப் பட்டணம் போகிறார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. தோட்ட வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் கைவிட்டுப் போகும். இரண்டு, மூன்று தலைமுறையாக ஒரே மலையில் உழைத்த குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு கூரை இல்லாத நிலை இதனால்தான் வந்தது. சொந்த வீடு என்ற கேள்வி எழும்போது, மலைச்சரிவில் நிலம் அரிது. பள்ளத்தாக்கில் இடம் ஆபத்து. கேமரன் மலையின் குடியிருப்புப் பிரச்சினையை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆற்றைத் திருப்பிய அணை

கேமரன் மலையில் மூன்று முக்கிய ஆறுகள்: தெலோம், பெர்த்தாம், லெமோய். இவற்றின் நீர் இயல்பாகக் கிழக்கு நோக்கி ஓடி ஜெலாய் ஆற்றில் சேர்ந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலில் கலக்கும்.

1960களின் தொடக்கத்தில் இந்தப் போக்கு மாறியது. மின்சார உற்பத்திக்காக ரிங்லெட் அருகே பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டப்பட்டது. அதன் பின்னால் உருவானதுதான் சாலையோரம் தெரியும் ரிங்லெட் ஏரி. வடக்கே தெலோம் ஆற்றின் நீரையும் மலையைக் குடைந்த சுரங்கவழியாகப் பெர்த்தாம் பக்கம் கொண்டுவந்தார்கள். ஏரியில் சேரும் நீர் இன்னொரு சுரங்கவழியாகப் பேராக் பக்கம் போய், 500 மீட்டருக்கு மேல் கீழே பாய்ந்து, ஜோரில் உள்ள 100 மெகாவாட் நிலத்தடி மின்நிலையத்தை ஓட்டுகிறது. பிறகு அந்த நீர் பத்தாங் பாடாங் ஆறு வழியாக மலாக்கா நீரிணைக்குச் செல்கிறது.

அதாவது, தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய நீரில் பெரும் பங்கு இன்று நாட்டின் மறுபக்கக் கடலுக்குப் போகிறது. மனிதர்கள் பயன்படுத்திய பேராக் வழியையே நீரும் பிடித்துக்கொண்டது.

ஆனால் ஆற்றின் பழைய பாதை மறைந்துவிடவில்லை. ஏரி நிரம்பி வழிந்தால் நீர் பழைய பெர்த்தாம் ஆற்றில்தான் இறங்கும். அந்தப் பாதையில், அணைக்குக் கீழே இருக்கிறது லெம்பா பெர்த்தாம். அதற்கும் கீழே அதே ஆற்றில் பின்னாளில் சுசு அணை கட்டப்பட்டு, 372 மெகாவாட் உலு ஜெலாய் மின்திட்டம் 2016இல் இயங்கத் தொடங்கியது.

மண் கதை

அணை கட்டப்பட்டபோது ரிங்லெட் ஏரியின் கொள்ளளவு ஏறத்தாழ 63 லட்சம் கன மீட்டர். ஏரிக்குள் நீரோடு மண்ணும் வரும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் வந்த மண், கணக்குப் போட்டதைவிட மிக அதிகம்.

காரணம் மேலே இருக்கிறது. தித்திவங்சா மலை கருங்கல் மலை. மழையிலும் வெப்பத்திலும் அந்தக் கல் ஆழம்வரை நொறுங்கி உதிரி மண்ணாகியிருக்கிறது. காடு இருக்கும்வரை வேர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். நெருக்கமாக வளர்ந்த தேயிலையும் நிலத்தை மூடிக் காக்கும். காய்கறி நிலம் அப்படி அல்ல. பயிர் மாறும் ஒவ்வொரு முறையும் மண் வெளியே தெரியும். நெகிழிக் கூரை போட்ட தோட்டங்களில் மழைநீர் தரையில் ஊறாமல் மொத்தமாகச் சரிந்து ஓடும். கட்டுமானத்துக்கும் விவசாயத்துக்கும் அனுமதியின்றி அழிக்கப்பட்ட சரிவுகள் இதை மேலும் கூட்டின.

தெலோம் சுரங்கவழி இருப்பதால் கோல தெர்லா, கம்போங் ராஜா பக்கத்து மண்ணும் இந்த ஏரிக்கே வருகிறது. இரண்டு ஆறுகளின் சேறு ஒரே ஏரியில் படிந்தது. தூர்வாரத் தூர்வார மண் வந்துகொண்டே இருந்தது. ஏரி ஆழம் குறைந்தால் கனமழையைத் தாங்கும் இடம் குறையும். நீரை விரைவில் திறந்துவிட வேண்டி வரும். ஆற்றின் கரையோரத்திலோ வீடுகள் நெருங்கியிருந்தன.

2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிந்திய வேளையில் அதுதான் நடந்தது. கனமழையால் ஏரி நிரம்பி அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது. லெம்பா பெர்த்தாமில் ஆறு கரை உடைத்தது. தூக்கத்தில் இருந்த மக்கள் சேற்று வெள்ளத்தில் சிக்கினர். உயிர்கள் பறிபோயின. ஏறத்தாழ 80 வீடுகள் பாதிக்கப்பட்டன. வாகனங்கள் பொம்மைகளைப் போல அடித்துச் செல்லப்பட்டன. ஓராண்டு கழித்து, 2014 நவம்பர் 5ஆம் தேதி ரிங்லெட்டையும் லெம்பா பெர்த்தாமையும் மீண்டும் சேற்று வெள்ளம் தாக்கியது. அப்போதும் உயிர்ப்பலி நேர்ந்தது.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்குப் பிறகுதான் கேமரன் மலையின் நில அழிப்பு நாடு முழுதும் பேசப்பட்டது. அனுமதியற்ற தோட்டங்களுக்கு எதிராக அமலாக்க நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. ஆற்றை ஆழப்படுத்துவது, கரையோர வீடுகளை அகற்றுவது, அணை திறக்கும் முன் எச்சரிக்கைச் சங்கு ஊதுவது ஆகியவை பொதுப் பேச்சாயின.

தெரிந்துகொள்ள வேண்டியது

கேமரன் மலையை வெள்ளைக்காரர் தொடங்கிய ஓய்வுத்தலமாக மட்டும் பார்த்தால் அதன் வரலாறு நூறு ஆண்டுக்கு உட்பட்டது. காட்டோடு வாழ்ந்த செமாய் மக்களின் பக்கமிருந்து பார்த்தால் அது மிகப் பழைய ஊர். தமிழர்களின் பக்கமிருந்து பார்த்தால், காடு வெட்டிய கைகளும் கொழுந்து கிள்ளிய விரல்களும் கட்டிய ஊர். மூன்று பார்வையும் சந்திக்கும் இடம் ஆறு.

லெம்பா பெர்த்தாமில் குடியிருப்பவர்களும், வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைப்பவர்களும், தாங்கள் இருக்கும் இடம் அணைக்குக் கீழே ஆற்றின் பழைய பாதையில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேலே தொடர்ந்து மழை பெய்தால், கீழே வானம் தெளிவாக இருந்தாலும் ஆற்றைக் கவனிக்க வேண்டும். சங்கு ஒலி கேட்டால் பொருளை எடுக்க ஆற்றோரம் போகாமல் மேட்டுக்கு ஏற வேண்டும். இரவு நேரத்தில் எந்த மேட்டுக்கு, எந்த வழியாகப் போவது என்பதைப் பகலிலேயே வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டி வைப்பது நல்லது.

பிரிஞ்சாங்கில் ஒரு சரிவு வெட்டப்பட்டால் அந்த மண் எங்கே போகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம். அது பெர்த்தாம் ஆற்றில் இறங்கி, ஹாபுவைக் கடந்து, ரிங்லெட் ஏரியில் படிந்து, ஒரு மழை இரவில் லெம்பா பெர்த்தாமின் வாசலுக்கு வரும்.